விடுமுறை நாளின் விலை

ஊத்துக்குளியிலிருந்து பல்லடம் போக
திருப்பூரில் இறங்கி பஸ் மாற வேண்டும்.
அரியரியிலிருந்து மொரீசியஸ் ரூபாய்க்கும் அப்படித்தான்,
டாலரில் இறங்கி ஏற வேண்டும்.
நேர்வழி உண்டா என்று இரண்டு நாள் தேடிப் பார்த்தேன்.
அந்த இரண்டு காசுக்கும் ஒன்றையொன்று தெரியாது.
இரண்டையும் தெரிந்தவர்
ராயபுரத்து ஆடிட்டர் ஆபீசில், என் மேசைக்கு எதிரில்,
முழங்காலில் மஞ்சப்பையோடு மருதாசலம்.

கட்டிங் மாஸ்டர். மடகாஸ்கரில் நாற்பத்தோரு மாதம்.
கம்பெனி மொரீசியஸ்காரனுடையது.
மாதம் இருபத்துநாலாயிரம், அவன் ரூபாயில், என்று ஒப்பந்தம்.
கையில் எண்ணிக் கொடுத்தது அரியரி.
சேர்ந்த அன்றைய விலை, ஒன்றுக்கு எழுபத்தொன்பது.
கடைசி மாதம் வரைக்கும் அதே எழுபத்தொன்பது.

அரியரி என்று அவர் முதலில் சொன்னபோது
அரியர் என்றுதான் என் காதில் விழுந்தது.
சம்பள அரியருங்களா என்றேன்.
"ரெண்டும் ஒண்ணுதானுங் அம்மணி."

பதினெட்டு லட்சத்துச் சொச்சம் மாதச் சம்பளம்!
"லட்சம்னு வீட்டுக்குப் போன் போட்டுச் சொல்லிப்போட்டனுங்.
அக்கா மவன் கலியாணத்துக்கு என் பேர்ல
ஆறு பவுன் எழுதி வெச்சுட்டாங்."

வக்கீல் கேட்பது மாதவாரி விலைப்பட்டியல்.
எண்பத்தொன்று. எண்பத்திரண்டு. எண்பத்திரண்டு.
சித்திரை நோம்பிக்கு ஊர் வராமல் இருந்த வருசம் தொண்ணூறு.
நடுவில் ஒரு மாதம் இறங்கிற்று,
கம்பெனிக்காரன் அந்த ஒரு மாதத்தை ஃபிரேம் போட்டு மாட்டலாம்.
கடைசி வரியில் தொண்ணூற்றேழு.
நான் தட்டத் தட்ட அவர் திரையைப் பார்க்கவில்லை.
ஒரு ஐந்நூறு அரியரி நோட்டை நீவிக்கொண்டிருந்தார்.
அதில் மாடு. திமில் வைத்த மாடு.
"நம்ம காங்கேயத்து மாடாட்டவே இருக்குதுங்,
கொம்பு மட்டும் வேற."

பட்டியல் முடிந்து பிரிண்ட் எடுக்கும்போது
இன்னொரு வரி சேர்க்க முடியுங்களா என்றார்.
கோர்ட்டுக்கு இல்லையாம்.

காய்ச்சலில் கிடந்த வாரம்
ஓவர்லாக் ஓட்டும் ஹந்தா என்ற பெண்
அறுபதாயிரம் அரியரி கொடுத்திருக்கிறாள்.
திருப்பித் தரும் முன்னே கம்பெனி இவரை விமானம் ஏற்றிவிட்டது.
அறுபதாயிரத்தையே அனுப்பினால் போதும்தானே, சட்டப்படி.
"அவ குடுத்தப்ப அதுக்கு ஒரு மூட்டை அரிசி வந்துச்சுங்.
இப்ப வராது."

தேதி கேட்டேன். சொன்னார்.
அந்தத் தேதிக்கு விலை இல்லை.
அங்கே ஏதோ அரசு விடுமுறை, பேங்க் பூட்டு.
முந்தின நாள் எண்பத்துநான்கு,
அடுத்த நாள் எண்பத்தாறு,
நடுவில் ஒரு வெள்ளைக் கட்டம்.
அந்த வெள்ளையில் ஒருத்தி
ரவிக்கைக்குள்ளிருந்து காசு எடுத்திருக்கிறாள்.

எண்பத்தாறைப் போட்டால் உங்களுக்கு லாபம் என்றேன்.
சித்த நேரம் ஃபேனைப் பார்த்தார்.
"எண்பத்துநாலு போடுங்."

அறுபத்தொன்பதாயிரத்து இருநூற்று எண்பத்தாறு.

எனக்கு ஒரு உறுத்தல். கேட்டும்விட்டேன்.
கம்பெனிக்குக் கொடுக்கும் நாள் விலை,
உங்களுக்கு மட்டும் வாங்கிய நாள் விலையா,
ஏனுங்க, ரெண்டு தராசு வைக்கலாங்களா?
"ஒரே தராசுதானுங்" என்று எழுந்தார்.
மதியச் சோறு உண்டு முடித்த பிறகு
கால்குலேட்டரில் போட்டுப் பார்த்தேன்.
ஒரே தராசுதான்.

கேஸ் மூன்று வாய்தா தாண்டிவிட்டது.
ஹந்தாவின் நம்பர் அடித்தால்
பிரெஞ்சில் ஒரு குரல் ஏதோ சொல்லி அணைந்துபோகிறது.
சனிக்கிழமை தவறாமல் மருதாசலம் போன் செய்கிறார்,
வாய்தா தேதியைக் கேட்பதில்லை.
"இன்னைக்கு எவ்வளவுங் அம்மணி?"

நூற்றொன்று என்றேன் போன வாரம்.
"அப்ப அந்த வரியை மாத்திக்கோணுங்."
மாற்றினேன்.